தபாலாபீஸ் வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்த வருஷம்

விராலிமலையில் பெரிய ரோட்டு ஓரத்தில் எங்களுக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. வாடகைக்கு விட ஐந்து சைக்கிள், காற்றடிக்க ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள். அவ்வளவுதான் கடை. அதன் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீட்டில் நான், என் கணவர், அவருடைய அக்காள் மூவரும் இருந்தோம். அக்காள் சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பியோடு வந்துவிட்டவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். ஐம்பதுகளின் கடைசி அது. நயா பைசா வந்துவிட்டிருந்தாலும் சைக்கிள் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் “மணிக்கு எத்தனை அணா?” என்றுதான் கேட்பார்கள்.

அந்த வருஷம் மாசியில் எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பையன். நிறைமாதத்தில், அழாமலே பிறந்தான். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம், யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கைக்குழந்தையை என்னிடம் கொடுக்க யோசிப்பார்கள். கோபம் வந்தால் மதினி, “மொதப் புள்ளைய முழுங்கினவதானே” என்று சொல்லிவிடுவார். மகள் பிறந்த பின் அந்தப் பேச்சு குறைந்தது. நின்றுபோய்விடவில்லை.

மகளுக்கு நாலு மாதம் ஆனபோது எனக்குப் பால் மிதமிஞ்சி இருந்தது. அவள் ஒரு பக்கம் குடித்ததுமே தூங்கிவிடுவாள். மறுபக்கம் கட்டிக்கொண்டு வலிக்கும். புழக்கடையில் முருங்கை மரத்தடியில் பீய்ச்சி விட்டுவிட்டு வருவேன்.

எங்கள் கடைக்கு எதிர்வாடையில் தபாலாபீஸ். போஸ்ட் மாஸ்டர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் மனைவிக்கு இருபது வயதுதான் இருக்கும். கடலோரத்துக் கட்டுமாவடிப் பக்கத்துப் பெண், தாயில்லாதவள். நிறைமாதமாக இருந்தபோது சாயங்காலங்களில் ரோட்டைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். அவளுடைய அண்ணன் பஸ்ஸில் கொடுத்தனுப்பும் கருவாட்டில் எனக்கும் ஒரு பங்கு கொண்டுவருவாள். “எங்க ஊர்ல மயிலே கெடையாதுக்கா. இங்கிட்டு கோழி மாதிரித் திரியுது” என்று மலைப்பக்கம் பார்த்து ஆச்சரியப்படுவாள். அப்போதே அவளுக்கு இருமல் இருந்தது. மாசமாக இருப்பதால் வந்த இருமல் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்து மூன்றாவது வாரம் அவள் இருமியபோது ரத்தம் வந்தது. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். பிள்ளையைத் தாயிடமிருந்து அன்றைக்கே பிரித்துவிட்டார்கள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் போஸ்ட் மாஸ்டர் எங்கள் கடைக்கு வந்தார். சைக்கிள் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து என் கணவர் ஒரு வண்டியைத் துடைத்து நிறுத்தினார். அவர் வண்டியைத் தொடவில்லை. ஹாண்டில்பாரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்கதவுக்குப் பின்னால் மகளை மடியில் போட்டிருந்தேன்.

“அண்ணே, பையனுக்குப் பசும்பால் ஒத்துக்கல. தண்ணி கலந்து குடுத்தும் வயித்தால போகுது. ஆஸ்பத்திரியிலேயே போட்டிருக்கேன். தாய்ப்பால் கெடைச்சாத்தான் தேறும்ங்கிறாங்க டாக்டரம்மா. ஒங்க வீட்ல...” அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டார். வேட்டி சட்டையில் எப்போதும் விறைப்பாக நடக்கிற மனுஷர்.

என் கணவர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார். “கேட்டியா?” என்றார். “கேட்டுச்சு” என்றேன். “ஒனக்குத் தோணுறதைச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

முருங்கை மரத்தடியில் தினமும் கொட்டுகிற பாலைத்தான் நினைத்தேன். “நாளைக்கு மொத பஸ்ல போவோம்னு சொல்லுங்க” என்றேன்.

மதினிக்கு இது பிடிக்கவில்லை. “அவுக என்ன ஆளுகளோ, என்ன எனமோ. சீக்குக்காரி பெத்த புள்ள வேற. நம்ம புள்ளைக்குக் கொறைஞ்சு போனா யாரு கேக்குறது?” என்று இரவுச் சாப்பாடு வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிக் கேள்வி எனக்கும் உள்ளுக்குள் இருந்ததுதான்.

மறுநாள் மகளையும் தூக்கிக்கொண்டு நானும் என் கணவரும் போஸ்ட் மாஸ்டரோடு இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்குப் போனோம். போனதும் பிள்ளையை மடியில் வாங்கிப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாகத்தான் நினைத்திருந்தேன். பிள்ளை வார்டு மூலையில் ஒரு தொட்டிலில் கிடந்தது. தோல் தளர்ந்து, கண்கள் உள்ளே போய், கிழவனின் முகம் போல இருந்தது. அழுகைகூடச் சத்தமாக வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இரண்டு பக்கமும் பால் சுரந்துகொண்டது. குனிந்து தூக்கப் போனேன்.

“தொடாதே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. டாக்டரம்மா. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டின் பைக்குள் கையை விட்டபடி நின்றார். “உன் மனசு நல்ல மனசும்மா. ஆனா உன் உடம்பு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதே? பார்க்காம உன் பாலைக் கொடுத்து, நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு வேற நோய் ஒட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது?”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கேட்டு வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு கண்டிப்பா என்று நினைத்தேன். “அதுவரைக்கும் இது தாங்குமா?” என்று மட்டும் கேட்டேன்.

“வார்டுல பிரசவமானவங்க ரெண்டு பேர் ரத்தம் முன்னாடியே பார்த்தது. அவங்ககிட்ட சங்கு சங்கா வாங்கி ஓட்டிக்கிட்டு இருக்கேன். இன்னும் நாலஞ்சு நாள்ல அவங்க ஊருக்குப் போயிருவாங்க. அதுக்குள்ள உன் பரிட்சையை முடிச்சாகணும். உட்காரு.”

கேள்விகள் வரிசையாக வந்தன. இருமல் உண்டா, ராத்திரியில் காய்ச்சல் வருமா, பிறந்த வீட்டில் யாருக்காவது காசம் உண்டா, அம்மை போட்டதா, மாரில் கட்டி, புண் உண்டா, என்ன சாப்பிடுகிறாய், புகையிலை போடுவாயா. மகளையும் வாங்கித் தூக்கிப் பார்த்தார், எடை போட்டார். “இவ நல்லாத்தான் இருக்கா. இவளுக்குப் போகத்தான் மிச்சம், புரிஞ்சுதா?” என்றார். மதினி கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது.

கடைசியாக, “இதுக்கு முன்னாடி பிரசவம்?” என்றார்.

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. “நிறைமாசமா? பிறக்கும்போதே உயிர் இல்லையா? தோல் உரிஞ்சிருந்துச்சா?” எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறகு என் கணவரைப் பற்றிக் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் மலேயாவில் பத்து வருஷம் கப்பல் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்று சொன்னேன். டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை உன்னைத் தப்பாச் சொல்றதா எடுத்துக்காதே. ஆம்பளைங்க வெளியிடத்துல போய் வாங்கிட்டு வர்ற ஒரு நோய் இருக்கு. வெளிய ஒண்ணும் தெரியாது. ரத்தத்துல இருக்கும். பொண்டாட்டிக்கு வரும், வயித்துப் பிள்ளையைக் கொன்னுரும். உன் ரத்தமும் பார்க்கணும், உன் வீட்டுக்காரர் ரத்தமும் பார்க்கணும்.”

என் பையனைப் பற்றி அத்தனை வருஷத்தில் ஒருத்தராவது இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவன் போனதற்கு என்னைத் தவிர வேறு காரணம் இருக்கக்கூடும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அந்தக் காரணம் என் கணவராக இருக்கலாம் என்பதும் கூடவே தோன்றியது. கையிலிருந்து ரத்தம் எடுத்தபோது வலித்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு எக்ஸ்ரே அறை. அதற்குத்தான் பணம் கட்ட வேண்டியிருந்தது. போஸ்ட் மாஸ்டர் கட்டிவிட்டு வாசலில் நின்றார். உள்ளே இருட்டாக இருந்தது. ஒரு நர்சம்மா என்னை ஒரு தகட்டின் மேல் மாரை ஒட்டி நிற்கச் சொன்னார். தகடு ஐஸ் போலக் குளிர்ந்தது. “மூச்சை இழுத்துப் பிடிம்மா” என்று மறைவிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. மூச்சைப் பிடித்ததும் பால் பீறிட்டுத் தகட்டில் வழிந்துவிட்டது. அவமானத்தில் அழுகை வந்தது. அந்த மனுஷர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பஞ்சை நீட்டி, “பரவாயில்லம்மா, தட்டுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். அவர் முகம் எனக்குத் தெரியாது. குரல் இன்றைக்கும் தெரியும்.

கணவர் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டனுப்பித் தனியாகப் பேசினார். திரும்பி வந்தவர் முகம் கறுத்திருந்தது. “இன்னிக்கு வேணாம், ரெண்டு நாள் கழிச்சு வாரேன்னு சொல்லிட்டேன்” என்றார். வீடு வரும்வரை அதற்கு மேல் பேசவில்லை.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. அவர் கடையில் ஒரே பஞ்சரை மூன்று தரம் ஒட்டினார். நான் மகளுக்குப் பால் கொடுக்கும்போது அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளையின் கிழட்டு முகம் கண்முன்னால் வந்து நிற்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் நான்தான் பேசினேன். “ஏங்க, வர விருப்பமில்லைன்னா சொல்லிருங்க. அவுகளை வேற எடம் பாக்கச் சொல்லலாம்.”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “வர விருப்பமில்லாம இல்ல. பயமா இருக்கு” என்றார். துணியைக் கீழே வைத்துவிட்டு, “மலேயாவுல இருக்கையில, சின்ன வயசுல, ரெண்டு மூணு தரம் கூட்டாளிகளோட போயிருக்கேன். ஒங்கிட்ட சொன்னதில்ல. அந்தப் பய போனது என்னாலதான்னு ஆயிருச்சுன்னா ஒன் மொகத்துல எப்படி முழிப்பேன்?” என்றார்.

எனக்குக் கோபம் வரவேண்டும்தானே? வந்தது. அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மூன்று வருஷமாக நான் ஒருத்தியாகச் சுமந்ததை இரண்டு நாளாக அவரும் சுமக்கிறார் என்று தெரிந்தது. காலையில் அவர் எனக்கு முன்னால் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பஸ்ஸுக்குத் தயாராக நின்றார்.

அந்தப் பயணத்தில் ஒரு கூத்து நடந்தது. டாக்டரம்மா என் மலத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அதற்கென்று டப்பா ஏது? காலித் தீப்பெட்டியில் வைத்து நூலால் கட்டிக் கையில் வைத்திருந்தேன். அன்னவாசலில் ஏறிய ஒருவர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக்கொண்டு, “ஆத்தா, அந்தத் தீப்பெட்டியக் கொஞ்சம் குடுங்க” என்று கையை நீட்டினார். நான் பதறி அதை மடிக்குள் மறைத்தேன். “ஒரு குச்சிதானத்தா, அதுக்கா?” என்று அவர் மனசு நொந்து போனார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மூன்று நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பீடிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

முடிவு வர மேலும் ஐந்து நாள். அதற்குள் வார்டிலிருந்த இரண்டு தாய்மாரில் ஒருத்தி ஊருக்குப் போய்விட்டாள் என்று போஸ்ட் மாஸ்டர் வந்து சொன்னார். ஆறாம் நாள் நாங்கள் போய் நின்றபோது டாக்டரம்மா காகிதங்களை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்.

“ரெண்டு பேர் ரத்தத்துலயும் அந்த நோய் இல்லை” என்றார் முதலில். என் கணவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நுரையீரல் சுத்தமா இருக்கு. பால் கொடுக்கலாம். ஆனா உன் ரத்தத்துல ரத்தமே இல்லை. வயித்துல கொக்கிப் புழு. தோட்டத்துல வெறுங்காலோட நடக்குறியா? அது காலு வழியாத்தான் ஏறும். படி ஏறினா மூச்சு வாங்குமே?”

வாங்கும்தான். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“அப்ப, என் மொதப் பையன்...” என்று ஆரம்பித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எதனாலன்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ரத்தமில்லாம இருந்தது ஒரு காரணமா இருக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ செஞ்ச எதனாலயும் இல்லை.”

அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே நான் ரத்தம் கொடுத்துப் பரீட்சை எழுதியது போல இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மா என்னை அழவிட்டார். பிறகு, “போதும், பிள்ளை பசியா இருக்கு” என்றார்.

பிள்ளைக்கும் தாயின் நோய் ஒட்டியிருக்குமோ என்ற சந்தேகத்தில் நேராக மாரில் விடவில்லை; கொதிநீரில் போட்டெடுத்து ஆறிய டம்ளரில் பீய்ச்சிக் கொடுத்தேன். நர்சம்மா பாலாடையில் எடுத்து அந்தப் பிள்ளையின் வாயோரம் வைத்தார். முதல் வாயைக் கக்கிவிட்டது. இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கியது தெரிந்தது. மூன்றாவதுக்கு நாக்கை நீட்டியது.

போஸ்ட் மாஸ்டர் அன்று ஒரு கவரை என் கணவர் கையில் திணித்தார். இவர் வாங்க மறுத்தார். அவர் விடவில்லை. இரண்டு பேரும் வராந்தாவில் தள்ளுமுள்ளு செய்வதைப் பார்த்து டாக்டரம்மா வெளியே வந்தார். “பாலுக்குன்னு காசு கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். காசுக்கு ஆசைப்பட்டுச் சொந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டவங்களை நான் பார்த்திருக்கேன். ஆனா எக்ஸ்ரே, பஸ், இந்தம்மா கூடுதலாச் சாப்பிடுற சாப்பாடு, மருந்து, இது நாலும் உங்க செலவு, சார். நீங்க கூச்சப்படாம வாங்கிக்கங்க” என்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அதைப் பற்றிச் சச்சரவே வரவில்லை. தினமும் எங்கள் வீட்டுக்கு அரைப்படி பசும்பால், இரண்டு முட்டை, மாதத்துக்கு ஒரு மரக்கால் கேழ்வரகு வரும்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் மதினியைக் கூப்பிட்டு நிறுத்தி, டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். “இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்ல வரக்கூடாதுக்கா” என்றார். மறுநாள் விடியலில் நான் எழுந்தபோது மதினி கேழ்வரகுக் கஞ்சியைக் காய்ச்சி, கருப்பட்டி தட்டிப்போட்டு மூடி வைத்திருந்தார். “சூடா இருக்கையில குடி” என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை.

கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். அன்றைக்குப் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னார்கள். என் கணவர் பழைய லாரி டயரை அறுத்து எனக்கு ஒரு ஜோடி செருப்புத் தைத்தார். எங்கள் தெருவில் அப்போது எந்தப் பெண்ணும் செருப்புப் போட்டதில்லை. “தொரைசானி வாராக” என்று கேலி செய்தார்கள். இரண்டு மாதத்தில் மலைக்கோயில் படியை நிற்காமல் ஏறினேன். உடம்பு இப்படி லேசாகக்கூட இருக்குமா என்று அதிசயமாக இருந்தது.

நான் பால் கொடுக்கத் தொடங்கிய வாரத்திலேயே பிள்ளையை விராலிமலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தபாலாபீஸ் வீட்டின் முன்பகுதியில் ஒரு ஆயாவோடு பிள்ளை. பின்கட்டில், கிணற்றுக்கு அப்பால் தனி அறையில் அதன் தாய். கம்பவுண்டர் வந்து அவளுக்கு ஊசி போடுவார். ஆட்கள் கிணற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அவளிடம் பேசலாம் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. என் மகளை அந்த வீட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

ஒரு நாளைக்கு நாலு தரம் ரோட்டைத் தாண்டிப் போவேன். பால் கொடுத்து முடித்ததும் கிணற்றடிக்குப் போய் நிற்பேன். அவள் ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

“எம்புட்டுக் குடிச்சான்க்கா?”

“பத்துப் பாலாடை.”

“முழிச்சுக்கிட்டு இருந்தானா?”

“முழிச்சுத்தான். என் வளையலைப் பாத்துக்கிட்டே குடிச்சான்.”

“எந்த வளையல்? பச்சையா?”

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்பாள். கால் விரலை நீட்டினானா, தலையில் முடி எந்தப் பக்கம் சுழிக்கிறது, தூங்கும்போது வாயைத் திறக்கிறானா. எனக்கு அதுவரை பிள்ளைகளை அப்படிப் பார்க்கத் தெரியாது. அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் மகளையும் அதே போலப் பார்ப்பேன்.

மூன்று மாதம் கழித்துப் பிள்ளையின் உடம்பையும் சோதித்துவிட்டு, “இனிமே நேராவே மார்ல விடலாம்” என்றார் டாக்டரம்மா. முதல் தரம் மடியில் போட்டபோது அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாலாடை எங்கே என்று தேடினான். பிறகு பற்றிக்கொண்டான். அவ்வளவு பலம் அந்த வாய்க்கு எங்கிருந்து வந்ததோ. அன்றைக்குக் கிணற்றடியில் நான் அதைச் சொன்னபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வலிச்சுச்சாக்கா?” என்றாள். “வலிச்சுச்சு” என்றேன். “நல்லதுக்கா” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. பங்குனி மாதத்தில் ஒரு நாள், அவன் குடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, “ம்மா” என்றான். தெளிவாகவே சொன்னான். ஆயாவும் கேட்டாள். அன்று கிணற்றடியில் எத்தனை நேரம் குடித்தான், எப்போது தூங்கினான் என்று வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொன்னேன். அதை விட்டுவிட்டேன்.

சித்திரையில் அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியையும் மூன்று தரம் பார்த்தார்கள். கிருமி இல்லை, பிள்ளையைத் தொடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரை மட்டும் இன்னும் ஒரு வருஷம் சாப்பிட வேண்டும்.

அன்று காலை நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றைத் தாண்டினேன். அவள் குளித்து, தலை சீவி, பாய் விரித்து அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீடே அதிர அழுதுகொண்டு என் பக்கம் தாவினான். என் கை தானாக நீண்டது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அவள் அவனைக் கீழே விடவில்லை. அழுகிறவனை மார்போடு அணைத்தபடியே, “போங்கக்கா” என்றாள். “நீங்க நின்னா இவன் என்னைப் பாக்க மாட்டான். கோவிச்சுக்காதீங்க.” பிறகு தாழ்ந்த குரலில், “அன்னிக்கு ‘ம்மா’ன்னான்ல? நீங்க சொல்லல. எனக்கு இங்கிட்டு வரைக்கும் கேட்டுச்சு” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “யாரப் பாத்துச் சொன்னா என்னக்கா? சொல்றதுக்கு உசிரோட இருந்தான்ல.”

வெளியே வந்து ரோட்டைத் தாண்டினேன். கடை வாசல் வரை அவன் அழுகை கேட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மத்தியானம்வரை கேட்டுக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. என் மகளுக்கு ஒரு வயது தாண்டி, சோறு தின்னப் பழகிவிட்டாள். அவளும் பாலைப் பெரிதாகத் தேடவில்லை. ஆனால் மாருக்கு அது தெரியவில்லை. கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று மதினி சொன்னார். என் கணவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். கூடையில் இருந்த பூ முழுவதையும் வாங்கினாராம். பூக்காரி, “என்னண்ணே, வீட்ல விசேஷமா? அண்ணி குடுத்து வச்சவுக” என்றாளாம். இவர் பதில் சொல்லத் தெரியாமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

மதினி பூவை உதிர்த்து, வெள்ளைத் துணியில் பரப்பி, என் மாரோடு சேர்த்துக் கட்டினார். வீடு முழுக்க மணத்தது. கட்டி முடித்து முடிச்சுப் போட்டவர், என் முதுகில் கையை வைத்தார். “நல்லாக் கொடுத்தே” என்றார். பிறகு மிச்சம் இருந்த பூவை எடுத்து என் தலையில் வைத்துவிட்டு மாவாட்டப் போய்விட்டார்.

வைகாசிக் கடைசியில் போஸ்ட் மாஸ்டருக்கு அறந்தாங்கிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. பஸ் ஏறும்போது பிள்ளை அவள் இடுப்பில் இருந்தான். நன்றாகச் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். நான் கையை நீட்டினேன். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தத் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தான். கண்டக்டர் விசில் ஊதினார்.